விமானம் ரத்தானால் காசா, மறுதேதியா? ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

விமான நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணத்தைக் காசாகவே திரும்பக் கேளுங்கள். தேதி மாற்றமும் கிரெடிட் ஷெல்லும் அதற்கு அடுத்தபடிதான். கொரோனா காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வழிகளையும் பார்த்தோம். வாப்பாவும் உம்மாவும் கோலாலம்பூரில் இருக்கும் ராத்தா (அக்கா) வீட்டுக்குப் போகத் திருச்சியிலிருந்து எடுத்த டிக்கெட்டுகளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டோம். விடுமுறைக்கு வந்திருந்த தம்பி சென்னையிலிருந்து துபாய் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டுக்குத் தேதி மாற்றினோம். இரண்டும் ஏப்ரல் 2020 பயணம். இரண்டுமே முடிவுக்கு வந்தன என்றாலும், இன்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது காசைத்தான்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணமாக வாங்கினால் தாமதமாகும், ஆனால் வந்தபின் நம் பணம். தேதி மாற்றம் உடனே நடக்கும், ஆனால் அதே நிறுவனத்தில்தான் பறக்க வேண்டும். கிரெடிட் ஷெல் என்பது நம் பணத்தை அந்த நிறுவனமே நம் பெயரில் வரவு வைத்துக்கொள்வது. அதற்குக் காலக்கெடு உண்டு. எந்த வழியானாலும், விமானம் ரத்தாகும் என்று ஊரெல்லாம் பேசினாலும், நிறுவனம் அறிவிக்கும் முன் நாமாக டிக்கெட்டை ரத்து செய்யக் கூடாது. நாம் ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். மலிவு டிக்கெட் என்றால் வரித்தொகை மட்டும் மிஞ்சும். அவர்கள் ரத்து செய்தால்தான் முழுத்தொகையையும் உரிமையோடு கேட்க முடியும்.

என்னைக் காசின் பக்கம் சாய வைத்தது ஒரே காரணம். மறுதேதி டிக்கெட்டுக்கு மதிப்பு வருவது நாம் பறக்க முடிகிற நாளில்தான். அந்த நாள் நம் கையில் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊர்ச் சபுராளியை (பிழைப்புக்கு வெளிநாடு போகிறவரை) எடுத்துக்கொண்டாலும், அவர் பயணத்துக்கு ஒரே நாளில் பல கதவுகள் திறந்திருக்க வேண்டும். இங்கிருந்து விமானம் புறப்பட வேண்டும். அந்த நாடு உள்ளே விட வேண்டும். விசா உயிரோடு இருக்க வேண்டும். பரிசோதனைச் சான்று செல்லுபடியாக வேண்டும். இவற்றில் ஒன்று மூடினாலும் கையிலிருக்கும் மறுதேதி வெறும் தாள்.

நடந்ததைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 27 அன்று சவூதி அரேபியா வெளிநாட்டு உம்ரா பயணிகளை நிறுத்தியது. அப்போது இந்தியாவில் ஊரடங்குப் பேச்சே இல்லை. இஹ்ராம் துணி வாங்கிப் பெட்டி கட்டியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மலேசியா மார்ச் 18 அன்று வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்! வாப்பாவின் டிக்கெட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருந்தால், அந்தத் தேதியும் போய், அதற்கடுத்த தேதியும் போயிருக்கும். இந்தியாவிலும் வழக்கமான சர்வதேச விமானங்கள் மீண்டும் ஓடியது 2022 மார்ச் 27 முதல்தான். அதுவரை சிறப்பு விமானங்களும் நாட்டுக்கு நாடு செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடுகளும் மட்டுமே.

வளைகுடாவில் சிக்கியவர்கள் நிலை இன்னும் கடினம். ஊர் திரும்பும் டிக்கெட் கையில் இருந்தும் பலருக்கு அது பயன்படவில்லை. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு 2020 மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் சிறப்பு விமானங்களில் வர, புதிதாகப் பணம் கட்டி டிக்கெட் வாங்கினார்கள். பழைய டிக்கெட்டின் பணம் கிரெடிட் ஷெல்லில் முடங்கிக் கிடக்க, சம்பளம் நின்ற நேரத்தில் அறைத்தோழர்களிடம் கடன் வாங்கி ஊர் வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நாளில் அவர்களுக்குத் தேவைப்பட்டது காசு, வரவுக் கணக்கு இல்லை.

கதவு திறந்த பிறகும் தேதி நம்முடையதாகிவிடவில்லை. 2021 ஏப்ரல் 24 இரவோடு அமீரகம் இந்தியாவிலிருந்து வருபவர்களை நிறுத்தியது. ஆகஸ்ட் 5 முதல்தான், அதுவும் அங்கேயே தடுப்பூசி போட்ட குடியிருப்பு விசாக்காரர்களை முதலில் அனுமதித்தது. புறப்படும் விமான நிலையத்திலேயே துரிதப் பிசிஆர் பரிசோதனை வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. முதல் அலையில் தேதி மாற்றி வாங்கிய டிக்கெட் இரண்டாம் அலையில் மறுபடி ரத்தான வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

தேதி தள்ளும்போது கட்டண வித்தியாசம் என்று இன்னொரு செலவும் வருகிறது. "தேதி மாற்றக் கட்டணம் இல்லை" என்று விளம்பரம் சொல்லும். மாற்றும் நாளில் டிக்கெட் விலை கூடியிருந்தால் கூடுதல் தொகையை நாம்தான் கட்ட வேண்டும். இருக்கைகள் குறைந்து தேவை கூடிய காலத்தில் விலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பில், கிரெடிட் ஷெல் தொகைக்கு ஜூன் 2020 வரை மாதம் 0.5 சதவீதமும், அதன்பின் 2021 மார்ச் வரை மாதம் 0.75 சதவீதமும் கூட்டித்தர வேண்டும் என்றது. 20,000 ரூபாய் டிக்கெட் ஏப்ரலில் ரத்தானது என்று வையுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு 300, அடுத்த ஒன்பது மாதத்துக்கு 1,350, ஆக 1,650 ரூபாய். தம்பி கட்டிய கட்டண வித்தியாசத்துக்கு அது பக்கத்தில்கூட வராது.

இடமும் மாறும் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 115 கிலோமீட்டர். திருச்சி அதைவிடத் தூரம். சென்னை ஓர் இரவுப் பயணம். மதுரையிலிருந்து எடுத்த டிக்கெட்டுக்குப் பதில் சென்னையிலிருந்து இருக்கை தருகிறோம் என்றால், விமான நிறுவனத்துக்கு அது சமமான மாற்று. நமக்கு வாடகைக் கார், சாப்பாடு, தங்கும் செலவு. 2020 ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் தாண்ட இ-பாஸும் வேண்டும். இந்தச் செலவை எந்த நிறுவனமும் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பிக்குத் தேதி மாற்றியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அவனுக்கு வேலை காத்திருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாது என்பது அமீரகத்தின் வழக்கமான விதி. விலக்கு அறிவித்திருந்தார்கள் என்றாலும், அது எப்போது முடியும் என்ற பயத்தோடு வீட்டில் உட்கார முடியாது. ஜூலை 2020இல் குடியிருப்பு விசாக்காரர்கள் திரும்ப வழி திறந்தபோது, துபாயின் முன்னனுமதி வந்த உடனேயே இருக்கை பிடிக்கப் பழைய டிக்கெட்டின் வரவு கைகொடுத்தது. டிக்கெட்டை அவனே நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்திருந்ததால் நடுவில் யாரும் இல்லை. போயே ஆக வேண்டியவர், போக வழி திறந்துவிட்டவர், நேரடியாக டிக்கெட் எடுத்தவர்: இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் தேதி மாற்றம் நல்ல வழி. சுற்றுலா, உம்ரா, பிள்ளை வீட்டுப் பயணம் என்று காத்திருக்கக் கூடியவர்களுக்கு அது தேவையில்லை.

காசு கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கரையில் பெரும்பாலோர் ஊர் டிராவல்ஸில் ரொக்கம் கொடுத்து டிக்கெட் எடுக்கிறோம். அந்த டிராவல்ஸ்காரர் பல நேரம் சென்னையிலோ திருச்சியிலோ உள்ள பெரிய முகவரிடம் முன்பணம் கட்டி வைத்து, அதிலிருந்து டிக்கெட் போடுபவர். ஆகவே விமான நிறுவனம் திருப்பித் தரும் பணம் நமக்கு வராது. பெரிய முகவருக்கு வந்து, அங்கிருந்து ஊர்க்காரரின் முன்பணக் கணக்கில் ஏறும். அங்கே ஏறியது நமக்குத் தெரிய வழியில்லை. அவரோ கடை வாடகைக்கே திணறிக்கொண்டிருந்த காலம். தெரிந்தவர், உறவினராகவும் இருப்பார். கேட்கச் சங்கடம்தான்.

நாங்கள் செய்தது இது. பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணையும், டிக்கெட்டில் இருந்த 13 இலக்க எண்ணையும் குறிப்பிட்டு, பணம் எந்தத் தேதியில் எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்று விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டோம். பதில் வந்ததும் அதை அச்செடுத்து வாப்பாவே டிராவல்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கோபம், வாக்குவாதம் எதுவும் இல்லை. எழுத்தில் தேதி இருந்ததால் டிராவல்ஸ்காரருக்கும் தனக்கு மேலே உள்ள முகவரிடம் கேட்கப் பிடி கிடைத்தது. பணம் தாமதமாக வந்தது, முழுதாக வந்தது. முகவர் வழி எடுத்த டிக்கெட்டின் பணத்தை முகவர் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சொல்கிறது. முகவர் வழி எடுத்த டிக்கெட்டின் கிரெடிட் ஷெல்லை அதே முகவர் வழியாகத்தான் பயன்படுத்த முடியும் என்றும் அதில் இருக்கிறது. கடையை மூடிவிட்டுப் போன டிராவல்ஸில் டிக்கெட் எடுத்தவருக்கு கிரெடிட் ஷெல் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இணையவழி முகவர்கள் மேலானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளின் பாக்கியைப் பயணிகளுக்குத் திருப்பித்தரும்படி அப்படிப்பட்ட ஒரு பெரிய நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது ஜூன் 2024இல்.

மேலே சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதல் ஊரடங்கை ஒட்டிய டிக்கெட்டுகளுக்கானது, 2020 மே 24 வரையிலான பயணங்களுக்கு. இரண்டாம் அலையில் ரத்தானவற்றுக்கு அதைக் காட்டிக் கேட்க முடியாது. அப்போது கைகொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வழக்கமான ரீஃபண்ட் விதி. பணத்தை கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் "கிரெடிட் மட்டும்தான்" என்றால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படியே திருப்பித்தர வேண்டும் என்று அதே விதி விட்டுவிடுகிறது. கொழும்பு, கோலாலம்பூர் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் நிபந்தனையைப் படிப்பது நல்லது.

எதற்கும் மசியவில்லை என்றால் விமானப் பயணிகளின் புகாருக்கென மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா தளத்தில் புகார், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நாம் அங்கே போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எங்களுக்கு அங்கே போகும் தேவை வரவில்லை, ஆகையால் அது எவ்வளவு காலம் எடுக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. கார்டில் கட்டியவர்கள் வங்கி வழியாகத் தொகையை மறுத்துத் திரும்பப் பெற்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ரொக்கம் கொடுத்த எங்களுக்கு அந்த வழியும் இல்லை.

கிரெடிட் ஷெல்லை நான் கடைசியில் வைப்பதற்குக் காலக்கெடு மட்டும் காரணமில்லை. பணம் அங்கே இருக்கும்வரை நாம் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் நடைமுறைக்குப் போனது. அப்படி ஒரு நிறுவனம் விழுந்தால் வங்கிகள் கையில் அடமானத்தோடு முன்னால் நிற்கும். பயணிகள் கையில் எதுவும் இல்லாமல் பின்னால் நிற்பார்கள்.

உள்நாட்டு டிக்கெட் என்றால் நான் இவ்வளவு பிடிவாதம் காட்ட மாட்டேன். மதுரையிலிருந்து சென்னைக்கோ டெல்லிக்கோ போக விசா வேண்டாம். இரண்டு மாதம் நின்ற உள்நாட்டு விமானங்கள் 2020 மே 25 அன்றே திரும்ப ஓடின. அடிக்கடி போகிறவருக்குத் தேதி மாற்றம் வசதி, அதுவும் கட்டண வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்ட பிறகு. கடல் கடந்து போகிற டிக்கெட்டுக்கு மட்டும் காசையே கேளுங்கள். டிராவல்ஸில் எடுத்தால் உங்கள் பெயருக்கு ரசீதும், உங்கள் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். டிராவல்ஸ்காரரின் எண் மட்டும் பதிவாகியிருந்தால், விமானம் ரத்தான செய்தியும் பணம் திரும்பிய செய்தியும் அவருக்கு மட்டுமே போகும்.