மாருதி 800 ஸ்டீயரிங் புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா, லேத்தில் கடைந்த நைலானா?

உற்பத்தி 2014இல் நின்றாலும் மாருதி 800ஐக் கைவிட மனமில்லாதவர்கள் நிறையப் பேர். குண்டும் குழியுமான சாலையில் ஸ்டீயரிங் லொடலொடவென்று கையில் அடித்தால், தேய்ந்தது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் இலேசாக அசைக்கட்டும். இன்னொருவர் கீழே கவனிக்கட்டும். ராக்கின் (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டின்) கூடு முழுவதும் நகர்ந்தால், அதைப் பாடியோடு பிடித்திருக்கும் வெளிப் புஷ் (வளையம் போன்ற தாங்கி) போய்விட்டது. கூடு அசையாமல், உள்ளே இருக்கும் தண்டு மட்டும் மேலும் கீழுமாக ஆடினால், போனது அதைத் தாங்கும் உள் புஷ். இரண்டும் இல்லையென்றால் டை ராட் எண்டை, அதாவது ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் தப்பு அதனுடையது, பழி மட்டும் புஷ்ஷுக்கு.

வெளிப் புஷ்ஷுக்கு என் ஓட்டு ரப்பருக்குத்தான். பாலியூரிதேன் (ரப்பர் போன்ற, ஆனால் அதைவிட விறைப்பான செயற்கைப் பொருள்) எண்ணெய்க்கு அசராது, ராக்கை இறுகப் பிடிக்கும், திருப்பியவுடன் சக்கரம் கேட்கும். ஆனால் மூன்று சிலிண்டர் இன்ஜினின் நடுக்கத்தையும் சாலையின் அதிர்வையும் அப்படியே உள்ளங்கைக்கு அனுப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடவும் செய்யும். சுமார் 650 கிலோ எடையுள்ள, பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு அவ்வளவு விறைப்பு வேண்டியதில்லை. ரப்பரின் எதிரி எண்ணெய்க் கசிவு. கசிவை முதலில் நிறுத்துங்கள். கடையில் வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் அது பழைய சரக்கு.

உள் புஷ்ஷில்தான் நைலானில் கடைந்து தருவதாக லேத் பட்டறை ஆசை காட்டும். செலவு குறைவு, ஊருக்கு ஊர் பட்டறை உண்டு. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் இறுக்கமாகக் கடைந்தது மழைக்காலத்தில் தண்டைப் பிடித்துக்கொண்டால், வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. இது லொடலொடப்பைவிட ஆபத்து. அசல் அளவில் புஷ் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கடைந்தே தீர வேண்டுமென்றால் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். அது ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும்.

வெளிப் புஷ்ஷை ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் என்று வீட்டிலேயே மாற்றலாம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். உள் புஷ்ஷுக்கு டை ராடைக் கழற்ற வேண்டியிருக்கும். டை ராட் எண்டையும் பிரிப்பதாக இருந்தால், அது எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணி வைத்து, அதே சுற்றில் திரும்பப் பூட்டுங்கள். அப்போதுதான் வீல் அலைன்மெண்ட் கடை வரையாவது வண்டி நேராக ஓடும்.