ஏழு இரவு அட்லாண்டிக்: மூன்று பயணங்களுக்குப் பிறகு

மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். சென்னையில் விமானம் ஏறினால் ஒரு நாளில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நானும் என் மனைவியும் மூன்று முறை லண்டன் வரை மட்டும் பறந்து, சவுத்தாம்ப்டனில் குவீன் மேரி 2 கப்பலில் ஏறி, ஏழு இரவுகள் கழித்து நியூயார்க்கில் இறங்கியிருக்கிறோம். 2014 மே, 2018 நவம்பர், 2024 ஜூன்.

இவ்வளவு பணமும் நாளும் எதற்கு என்று தண்டையார்பேட்டைச் சொந்தங்கள் கேட்கிறார்கள். கடிகாரத்துக்காக என்றுதான் சொல்வேன். மேற்கே போகும்போது ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னே தள்ளிவைப்பார்கள். அந்த நாள்களுக்கு 25 மணி நேரம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலுள்ள ஐந்து மணி நேர வித்தியாசம் உடம்புக்குத் தெரியாமலே கரைந்துபோகிறது. எங்கள் மேஜைக்கு வந்த பணியாளர் நாகர்கோவில்காரர். "அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எங்களுக்கும் வரம்தான் ஐயா" என்றார். கிழக்கு நோக்கி வந்தால் இதே கணக்கு தலைகீழாகி, நாளுக்கு 23 மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் திரும்பி வருவதற்கு எப்போதும் விமானம்தான்.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004-இல் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். தீவு தீவாக நின்று போகும் உல்லாசக் கப்பல்களைப் போலன்றி, அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே கட்டியது. நீண்ட கூர்மையான முகப்பும் தடித்த இரும்பும் அதற்காகத்தான். சுமார் 30 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது. தொடக்கத்தில் ஆறு இரவுகளில் கடந்ததைப் பிறகு வேகத்தைக் குறைத்து ஏழாக்கினார்கள். எரிபொருள் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. கூடுதலாகக் கிடைத்த அந்த ஓர் இரவு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய லாபம்.

வழியில் எந்தத் துறைமுகமும் இல்லை. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடம், கடந்த தூரம், காற்று, அடியில் உள்ள ஆழம் எல்லாவற்றையும் சொல்வார். 'கீழே நான்காயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர்' என்று கேட்டபோது என் மனைவி கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

என் அப்பா பினாங்கில் மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில், தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். 1926-இல் கட்டி 1973 வரை ஓடிய கப்பல் அது. "மூன்றாம் நாள்தான் மனம் கரையை விடும்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெத்தையும் வெள்ளைக் கையுறை போட்டுத் தேநீர் ஊற்றும் பணியாளரும் உள்ள கப்பலிலும் அது அப்படியேதான் நடக்கிறது. முதல் இரண்டு நாள் கை தானாகப் போனைத் தேடும். மூன்றாம் நாள் காலையில் எட்டாவது தளத்து நூலகத்தில், கப்பலின் முகப்பைப் பார்த்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன்.

ஏழாவது தளத்தில் கப்பலை முழுதாகச் சுற்றி நடக்கலாம். மூன்று சுற்றுக்குச் சுமார் 1.8 கிலோமீட்டர். நாய்களையும் அழைத்து வருகிறார்கள். 2016-இல் கப்பலைப் புதுப்பித்த பிறகு அவற்றுக்காகவே ஒரு லிவர்பூல் விளக்குக் கம்பமும் நியூயார்க் தெருவில் நிற்கும் தீயணைப்புக் குழாயும் வைத்திருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து பக்கம் வந்தால் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் தெற்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் சந்தித்து மூடுபனி கிளம்பும். ஜூன் பயணத்தில் ஒரு பகல் முழுக்கக் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கப்பல் சங்கு முழங்கும். அதன் ஊதல்களில் ஒன்று 1936-இல் ஓடத் தொடங்கிய பழைய குவீன் மேரியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. அந்தச் சத்தம் காதுக்குக் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்கிறது.

நவம்பர் வேறு மாதிரி. இரண்டு நாள் அலை புரட்டி எடுத்தது, வெளித்தளத்தை மூடிவிட்டார்கள். இரவெல்லாம் அலமாரிக்குள் ஹேங்கர்கள் டக் டக்கென்று மோதிக்கொண்டிருந்தன. மனைவி எழுந்து துண்டை மடித்து அவற்றுக்கிடையே செருகிய பிறகுதான் தூங்கினோம். குமட்டலுக்கு மாத்திரையைவிட ஊரிலிருந்து கொண்டுபோன இஞ்சி மொரப்பா எனக்குக் கைகொடுத்தது. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பால்கனி வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2014-இல் எடுத்தோம். வட அட்லாண்டிக் குளிரில் நான்கைந்து முறைதான் கதவைத் திறந்தோம். பிறகு இரண்டு முறையும் சன்னலில்லாத உள்ளறைதான். கடைசி முறை ஆளுக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது, சாப்பாடும் அதில் அடக்கம். பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகை தினமும் தனியே சேரும். சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதிக்கொடுத்தோம், பருப்பும் காய்களும் தவறாமல் வந்தன. விருந்து இரவுகளுக்குக் கோட்டு சூட்டு கட்டாயமில்லை, தேசிய உடையை ஏற்கிறார்கள். நான் பட்டு வேட்டி கட்டினேன், மனைவி காஞ்சிபுரம் பட்டு.

விசாவில் கவனமாக இருங்கள். முதல் முறை இங்கே ஓர் ஏஜென்ட் அமெரிக்க விசா மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். சவுத்தாம்ப்டனில் ஏற பிரிட்டன் விசாவும் வேண்டும் என்பது புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போதுதான் தெரிந்தது. அந்த அலைச்சலில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

கடைசி விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுங்கள். நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் அடியில் போகும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டர்தான் இருக்கும். தளத்தில் நிற்கும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். பிறகு இருட்டில் சுதந்திர தேவி சிலையின் தீபம். புரூக்ளினில் இறங்கும்போது கைக்கடிகாரம் நியூயார்க் நேரத்தையே காட்டும். விமானத்தில் போன நாள்களில் மகள் வீட்டில் நான்கு நாள் பகலில் தூங்கி, நடுநிசியில் விழித்துக் கிடந்திருக்கிறேன். 2024 ஜூனில் இறங்கிய அன்று மாலையே பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். இருட்டும் வரை ஊஞ்சல் ஆட்டினேன்.