யாங்கோன்ல எங்க வீட்டு வேத நூலகம்: பத்து வருஷத்துக்கு மேல யூஸ் பண்ண அனுபவம்

எங்க வீட்ல அம்மா தமிழ் பைபிள் மட்டும்தான் வாசிப்பாங்க. பிள்ளைங்க தமிழ் நல்லா பேசுவாங்க, ஆனா ஸ்கூல் எல்லாம் பர்மீஸ்ல போனதால தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தா ஒரே வசனத்த ரெண்டு பாஷையிலயும் பார்க்கணும், நான் புக் சேர்க்க ஆரம்பிச்சதே அதுக்காகத்தான்.

மொதல்ல எல்லாம் பேப்பர் புக்தான். பன்சொடான் தெரு பழைய புத்தகக் கடைங்கள்ல இங்கிலீஷ் வியாக்கியானம் கிடைக்கும், தமிழ் புக்னா சென்னையில இருந்து யாராவது வரும்போது கொண்டு வரணும். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, அலமாரிய சுவரோட ஒட்டி வச்சிருந்தேன், ஒரு வருஷம் பூஞ்சணம் புடிச்சு அப்புறம் கரையானும் ஏறி ஒத்தவாக்கிய புக்கு (ஒரு சொல் பைபிள்ல எங்கெங்க வருதுன்னு காட்டுற புக்) பாதி போச்சு, இன்னைக்கு நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. இப்போ சுவருக்கும் அலமாரிக்கும் நாலு விரல் இடம் விட்டு, ரசகற்பூர உருண்டை போட்டு, மழை விட்டதும் எல்லாத்தையும் எடுத்து நிழல்ல விரிச்சு வச்சு ஆற விடுறேன்.

2014-ல சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் போன்ல மைஸ்வோர்டு போட்டேன், பழைய லேப்டாப்ல இ-ஸ்வோர்டு. ரெண்டும் பைபிளும் வியாக்கியானமும் படிக்கிற ஆப், ரெண்டும் ஃப்ரீ. ஒரு தடவ டவுன்லோட் பண்ணிட்டா நெட்டே தேவையில்ல, 2021-க்கு அப்புறம் கரண்ட்டும் நெட்டும் எப்போ வரும் எப்போ போகும்னு தெரியாத ஊர்ல இது எவ்வளவு பெரிய உதவின்னு இங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். போன்ல சார்ஜ் இருந்தா போதும், முழு நூலகமும் கையில இருக்கு.

எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்ட்ராங்ஸ் நம்பர், அதாவது பைபிளோட ஒவ்வொரு எபிரேய, கிரேக்க மூலச் சொல்லுக்கும் குடுத்திருக்கிற நம்பர். யோவான் 21 எடுத்துக்கோங்க, என் மேல அன்பு இருக்கான்னு இயேசு பேதுருகிட்ட கேட்கிற இடம். கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய இங்கிலீஷ் பைபிள்ல இயேசு கேட்கிறதும் பேதுரு சொல்றதும் ஒரே வார்த்தையாதான் தெரியும், நம்பர தட்டினா கிரேக்கத்துல 25, 5368னு ரெண்டு வேற வேற சொல். அப்புறம் அம்மாவோட பழைய தமிழ் பைபிள திறந்து பார்த்தா அதுல ஏற்கெனவே "அன்பாயிருக்கிறாயா", "நேசிக்கிறேன்"னு பிரிச்சே போட்டிருக்காங்க! அம்மா வருஷக்கணக்கா வாசிச்ச வசனம், அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அதையே பேசிட்டு இருந்தோம். அந்த ரெண்டு சொல்லுக்கும் அர்த்தத்துல பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க, அதனால நம்பர மட்டும் வச்சு பிரசங்கம் கட்டிடாதீங்க.

வியாக்கியானத்துல மேத்யூ ஹென்றிங்கிற இங்கிலீஷ் போதகர் எழுதினதத்தான் அதிகம் திறக்கிறேன். அவர் 1714-ல இறந்துட்டார், அப்போஸ்தலர் நடபடிகள் வரைக்கும்தான் அவரே முடிச்சது, ரோமர்ல இருந்து மத்தவங்க எழுதி சேர்த்தது. ரோமர் படிக்கும்போது இத மனசுல வச்சுக்கோங்க.

பர்மீஸ்ல ஜட்சன் பைபிள், அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் மொழிபெயர்த்தது. அவர் 1813-ல இதே ஊர்லதான் வந்து இறங்கினார், அப்போ பர்மா ராஜாவோட தலைநகரா இருந்த ஆவாவுல ஜெயில்ல கிடந்தப்போ அவர் மனைவி ஆன் கையெழுத்துப் பிரதிய தலையணைக்குள்ள வச்சு தைச்சு காப்பாத்தினாங்க, 1834-ல முழு மொழிபெயர்ப்பும் முடிஞ்சது. இத சொன்னதுல இருந்து பிள்ளைங்க அந்த புக்க தொடுற விதமே மாறிடுச்சு. போன்ல போடுறவங்க ஒண்ணு கவனிங்க, பழைய ஃபைல் சில சமயம் ஜாவ்ஜிங்கிற பழைய பர்மீஸ் எழுத்துருவுல இருக்கும், இப்போ உள்ள போன்ல எழுத்து எல்லாம் கலைஞ்சு தெரியும், யூனிகோட்ல இருக்கிறதா பார்த்து எடுங்க. நான் ரெண்டு நாள் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

ஆனா ஜெபத்துக்கு நான் போன எடுக்கிறதே இல்ல. தேடிப் படிக்கிறதுக்கு போன், உட்கார்ந்து தியானிக்க பேப்பர் பைபிள், எனக்கு அப்படித்தான் ஒத்து வருது. அம்மா பைபிள்ல ஓரத்துல எல்லாம் பென்சில்ல தேதி போட்டு வச்சிருக்காங்க, யாருக்காக எந்த வசனத்த வச்சு ஜெபிச்சாங்கன்னு, அந்த மாதிரி ஒரு புக்க எங்கயும் டவுன்லோட் பண்ண முடியாது.

எல்லா ஃபைலையும் ஒரு மெமரி கார்டுல காப்பி போட்டு அக்கா வீட்ல குடுத்து வச்சிருக்கேன். அம்மாவுக்கு கண்ணு மங்கிட்டு வருது, பெரிய எழுத்துல கீர்த்தனை புக் ஒண்ணு தேடிட்டு இருக்கேன், இந்தியாவுல இருந்து யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்க.