சரிவு குறைந்த கூரையில் ஒழுக்கு: ஒட்டுவதா, பூசுவதா, தகரத்தையே மாற்றுவதா?

மலையகத்து லயன் வீடுகளில் மழைக்காலத்தில் முதலில் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் பழைய பிரதான கூரையன்று; பின்பக்கம் இறக்கிக் கட்டிய குசினியின் கூரையும் முன்பக்க இஸ்தோப்பின் (விறாந்தையின்) கூரையுமே. இதற்குத் தகரத்தின் தரம் மட்டும் காரணமில்லை. புதிய தகரத்தின் மேல்நுனியைப் பழைய கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழேதான் செருக முடியும். வெளிப்பக்கத்திலோ ஆள் குனியாமல் நடமாட உயரம் வேண்டும். தாழ்வாரம் 7.5 அடியிலும் வெளிச்சுவர் 6.5 அடியிலும் இருந்து, இடைப்பட்ட அகலம் 10 அடியானால், ஓரடிக்கு 1.2 அங்குலச் சரிவே, அதாவது 6 பாகைக்கும் குறைவாகவே கிடைக்கும். நெளித்தகரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கீழெல்லை ஏறக்குறைய 5 பாகை என்பதால், இத்தகைய கூரை தொடக்கத்திலிருந்தே விளிம்பில் நிற்கிறது.

இந்தச் சரிவில் தண்ணீர் விரைந்து இறங்குவதில்லை. ஒரு தகரத்தின் மேல் மற்றொன்று ஏறி அமரும் பொருத்தில் அது தேங்குகிறது. காற்று அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டு தகடுகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியோ அதைத் தானே உறிஞ்சி ஏற்றிக்கொள்கிறது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்தில், ஓட்டையே இல்லாத புதுத் தகரம்கூட இவ்வாறு ஒழுகும். ஆகவே, எந்தப் பழுதுபார்ப்பையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: அது ஓட்டையை மட்டும் அடைக்கிறதா, அல்லது பொருத்தையும் கவனிக்கிறதா?

செலவு செய்வதற்கு முன், உள்ளே சொட்டும் நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். மழையே பெய்யாத குளிர்ந்த விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் துளிகள் அரும்பியிருந்தால், அது ஒழுக்கன்று. அடுப்பின் நீராவியும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த உலோகத்தில் படிந்தவை. விறகடுப்புள்ள குசினியில் அத்துளிகள் புகைக்கரியைக் கரைத்துக்கொண்டு, வெள்ளையடித்த சுவரில் கறுப்புக் கோடுகளாக வழியும். இதற்கு எந்தப் பூச்சும் மருந்தாகாது. காற்றும் புகையும் வெளியேற வழிதான் வேண்டும். மழையில் மட்டும் சொட்டினாலும், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. தகரத்தின் அடிப்பக்கத்திலேயே வழிந்துவந்து, தகரத்தைத் தாங்கும் ரீப்பைச் சட்டம் குறுக்கிடும் இடத்தில்தான் நீர் கீழே விழும்; எனவே சொட்டும் இடத்திலிருந்து சரிவின் மேல்நோக்கித் தேட வேண்டும்.

மிக மலிவான வழி ஒட்டுதல். தாரும் துணியும் பழைய முறை. ஹாட்வெயார் கடைகளில் இப்போது கிடைக்கும், அலுமினிய மேற்பரப்புடைய தார் நாடா அதைவிட மேலானது. ஆணித்துளை பெருத்த இடம், துருப்பிடித்துப் பொத்தலான இடம் ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால் துருவைச் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காய்ந்த தகரத்தில் ஒட்டினால்தான் பிடிக்கும். சிலிக்கன் பசை வாங்குவோர் வினாகிரி மணம் வீசும் வகையைத் தவிர்க்க வேண்டும். அதன் அமிலம், தகரத்தின் மேலுள்ள நாகப் (துத்தநாகப்) பூச்சை அரிக்கும். சீமெந்துச் சாந்தைக் குழைத்து அப்புவது இதைவிடக் கேடு: வெயிலில் தகரம் விரியும்போது சாந்து வெடித்து விலகும், ஈரச் சீமெந்தின் காரம் நாகத்தையும் அலுமினியத்தையும் தின்னும். பொருத்து ஒழுகும் கூரையில் ஒட்டுதலுக்கு இன்னொரு குறையும் உண்டு. பொருத்தின் கீழ்விளிம்பை மட்டும் தாரால் அடைத்தால், பக்கவாட்டில் உள்ளே நுழைந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, தகரத்தை உள்ளிருந்தே துருவேற்றும்.

முழுக் கூரைக்கும் நீர்த்தடைப் பூச்சு அடிப்பது நடுத்தரச் செலவு. தகரம் இன்னும் உறுதியாக இருந்து, மேற்பரப்பு மட்டும் துருவேறத் தொடங்கியிருந்தால் இது நல்ல வழி. பொருத்துகளிலும் ஆணித்தலைகளிலும் வலைத்துணியை வைத்துப் பூசினால் பயன் கூடும். விரலால் அழுத்தும்போதே நொறுங்கும் தகரத்துக்குப் பூச்சு அடிப்பது பணத்தை மழையில் கரைப்பதாகும்.

என் தெரிவு மூன்றாவது வழி: தேவையான நீளத்துக்கு வெட்டிய ஒரே தகடு. நாகமும் அலுமினியமும் கலந்த பூச்சுடைய தகடுகளை அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம். தாழ்வாரத்துக்கு அடியிலிருந்து மழைநீர்ப் பீலி வரை 12 அடியை ஒரே தகடு கடந்துவிட்டால், குறுக்குப் பொருத்து என்ற ஒன்றே இல்லாமற் போகிறது. சரிவை உயர்த்த முடியாத இடத்தில் ஒழுக்கின் மூல காரணத்தை நீக்குவது இதுவே. தகட்டின் மேல்நுனியைச் சற்று மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். பக்கப் பொருத்துக்கு ஒன்றரை நெளிவாவது விட்டு, காற்று வரும் பக்கத்தைப் பாராமல், மறுபக்கத்தை நோக்கி அதன் வாய் அமைய வேண்டும். இறப்பர் வாஷர் போட்ட திருகாணியை நெளிவின் மேட்டில் இறக்க வேண்டுமேயன்றி, தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறக்கக் கூடாது. வாஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கும் பாஸ்மாரை (கூரை வேலைக்காரரை) தடுத்து நிறுத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. செலவு கூடுதல் என்பதும், நீண்ட தகட்டை வீதியிலிருந்து தேயிலை மலைப் படிகள் வழியே மடங்காமல் சுமந்துவருவது கடினம் என்பதும் உண்மை. எனினும் ஆண்டுதோறும் தார் வாங்கும் குடும்பத்துக்கு, இரண்டு தவணைகளாகவேனும், முதலில் குசினிக்குச் செய்துகொள்ளும்படியே சொல்வேன். ஈரச்சுவரோடு பிள்ளைகள் படுத்துறங்க வேண்டியதில்லை.

அஸ்பெஸ்டஸ் சீட் போட்டவர்களின் நிலை வேறு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் உறுதியான முடிவு. அதன் இறக்குமதியை இலங்கை கட்டுப்படுத்தவிருந்த வேளையில், 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி நம் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. கொழுந்து பறிப்பவரின் கூரை இவ்வளவு தூரத்தில் தீர்மானிக்கப்படுவது என் மனத்தை வருத்துகிறது. வெடித்த சீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. நனைத்துவிட்டு, வெடிப்பின் மேல் நாடா ஒட்டுவதற்கு வேண்டிய அளவு மட்டும் மெதுவாகத் துடைத்து, காய்ந்த பின் ஒட்டலாம். அதன் மேல் ஏறி நடப்பது உயிராபத்து.

நுவரெலியாப் பக்கத்து விடுதிகளிலும் புதிய வீடுகளிலும் காணப்படும், தார் ஏற்றிய துண்டுகளை ஓடுபோல் அடுக்கிய தார்ச் சிங்கிள் கூரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சிங்கிள் நீரை வழியவிடுமேயன்றித் தேக்கித் தாங்காது. ஓரடிக்கு 4 அங்குலத்துக்குக் குறைந்த சரிவில் அடியில் இரட்டை நீர்த்தடை விரிப்பு வேண்டும். 2 அங்குலத்துக்குக் குறைந்தால் சிங்கிளே போடக் கூடாது. அவ்வாறு போட்டுவிட்ட கூரையில் தனித்தனிச் சிங்கிளை மாற்றிக்கொண்டிருப்பது வீண். அவற்றைக் கழற்றிவிட்டு, தானே ஒட்டும் தார் விரிப்பையோ நீளத் தகட்டையோ போடுவதே தீர்வு.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குவதால், ஒட்டும் வேலைக்கும் பூச்சு வேலைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஏற்றவை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டிறுதி மழைக்கு முன்னதாக, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை செய்துகொள்ளலாம்; ஆனால் அம்மாதங்களில் காற்று பலமாக வீசுவதால், நீளத் தகட்டை விடியற்காலையில் மேலேற்றி, அன்றே எல்லாத் திருகாணிகளையும் இறக்கிவிட வேண்டும். மழைக்கு நடுவில் ஒழுகினால் தார்ப்பாயை விரித்து இறுக்கிக் கட்டி, வெயில் வரும்வரை நாடாவையும் பூச்சையும் கடையிலேயே விட்டுவைக்கலாம்.