எனக்கு எழுதியதை எவரோ விற்றார்கள்: வெப்சைட் வைக்க நினைக்கும் வக்கீல்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அழைத்தார். "நேற்று ராத்திரி உங்கள் வெப்சைட்டில் என் பிரச்சினையை எழுதி அனுப்பினேன். உங்களுக்கு மட்டும்தானே எழுதினேன்? காலையிலிருந்து மூன்று வக்கீல்கள் போன் செய்துவிட்டார்கள். அதில் ஒருவர் பேசும்போது என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார்" என்றார். குரல் நடுங்கியது. கணவரின் அடி உதைக்குப் பயந்து வழி கேட்டு எழுதியவர் அவர்.

அவர் எழுதியது எனக்கு வந்து சேரவே இல்லை. என் பெயரும் என் படமும் போட்ட வெப்சைட்டில் எழுதியது எங்கே போனது? அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். புதிதாக அலுவலகம் திறந்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சீனியரிடம் பல வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தபோது எனக்குக் கட்சிக்காரர்கள் அதிகம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. வெப்சைட், எஸ்இஓ (கூகுள் தேடலில் மேலே வரவைக்கும் வேலை), அலுவலகத்தின் முகவரியும் ரிவ்யூக்களும் தெரியும் கூகுள் பக்கம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மூன்று மாதத்தில் கூகுளில் முதல் இடம், அதற்கு உத்தரவாதம் என்றார்கள். ஒரு வருடப் பணத்தை முன்னதாகவே கட்டினேன்.

அந்த உத்தரவாதத்தைக் கேட்டவுடனே நான் போனை வைத்திருக்க வேண்டும். முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் மேலே வருவது விளம்பரம் மட்டும்தான், அதன் மேல் விளம்பரம் என்ற குறிப்பும் இருக்கும். மற்ற முடிவுகளின் வரிசையைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. இதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

மூன்றாவது மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். என் அலுவலகம் முதலில் நின்றது. சந்தோஷப்பட்டேன். பிறகு உற்றுப் பார்த்தால், தேடல் பெட்டியில் இருந்தது என் பெயர். என் பெயரைத் தட்டினால் என் பக்கம்தானே வரும்? வக்கீல் தேடுகிறவருக்கு என் பெயரே தெரியாது. அவர் "விவாகரத்துக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்" என்றோ "செக் திரும்பினால் என்ன செய்வது" என்றோதான் தட்டுவார். அப்படித் தேடினால் நான் எங்குமே இல்லை.

மாதாமாதம் ரிப்போர்ட் வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போனதாக. வெப்சைட்டுக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸை நேரடியாகப் பார்க்க அனுமதி கேட்டு நச்சரித்துக் கடைசியில் வாங்கினேன். வந்தவர்களில் பெரும்பாலோர் நான் தொழில் செய்ய உரிமையே இல்லாத நாடுகளிலிருந்து, ஓரிரு விநாடி மட்டும். அவை மனிதர்கள் அல்ல, எண்ணிக்கையைக் கூட்ட ஓடவிட்ட பாட்கள், அதாவது தானாக இயங்கும் புரோகிராம்கள் என்று விவரம் தெரிந்த நண்பர் சொன்னார். வெப்சைட் உரிமையாளர்களுக்குக் கூகுள் தகவல் சொல்லும் சர்ச் கன்சோலில் இன்னொன்று காத்திருந்தது: இயற்கைக்கு மாறான இணைப்புகள் என்று கூகுள் என் வெப்சைட்டின் மேல் எடுத்திருந்த நடவடிக்கை. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து என் பக்கத்தை மேலே ஏற்றுவதற்காகக் காசு கொடுத்து இணைப்பு (லிங்க்) வாங்கியிருக்கிறார்கள். 2012-இல் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததிலிருந்தே கூகுள் இந்த வேலையைப் பிடித்துத் தள்ளிவருகிறது. ஆக, நான் கொடுத்த பணம் என்னை மேலே ஏற்றவில்லை, கீழே இறக்கியிருந்தது.

பணம் போனதை விடுங்கள். அந்தப் பெண்மணி எழுதி அனுப்பிய படிவத்துக்கு வருகிறேன்.

"உங்கள் பிரச்சினையை விரிவாக எழுதுங்கள், எல்லாம் ரகசியமாக இருக்கும்" என்று படிவத்தின் மேல் போட்டிருந்தார்கள். நிரப்பி அனுப்பினால் அது போய்ச் சேர்ந்தது அந்த நிறுவனத்தின் மெயில் பெட்டிக்கு. அங்கிருந்து ஒரே லீட்டை (வக்கீல் தேடுகிறவரின் விவரத்தை) மூன்று நான்கு வக்கீல்களுக்கு விற்றிருக்கிறார்கள். மிச்சம் மீதி என்னிடம் வந்தது. கேட்டால், "ஒப்பந்தத்தில் இருக்கிறதே சார்" என்கிறார்கள். இருந்தது உண்மைதான்: திரட்டப்படும் தகவல்களைக் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி. ஊரார் ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிக்கும் நான் என்னுடையதை அப்படிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நம்மிடம் வருகிறவர் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, ஆலோசனை கேட்கும் அந்த முதல் பேச்சிலேயே, ரகசியம் காக்கும் பொறுப்பு நமக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெண்மணி எழுதியது போய்ச் சேர்ந்த மூவரில் ஒருவர் அவருடைய கணவருக்கே வக்கீலாக இருந்திருந்தால்? நல்ல வேளை, அப்படி இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் எழுதிய மற்றவர்கள் விஷயத்தில் என்ன ஆனது என்று அறிய எனக்கு வழியே இல்லை. எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்கைக் கூட அவர்கள் தரவில்லை. நான் சத்தம் போட்ட பிறகு, "நல்ல லீட் வேண்டுமென்றால் கேஸ் ஃபீஸில் பங்கு கொடுங்கள்" என்று பேரம் வேறு. வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்கு போடுவது பல நாடுகளில் தொழில் நெறிக்கு எதிரானது. அதைத் தெரிந்தேதான் கேட்டார்கள்.

அடுத்து, கூகுள் பக்கத்தில் இருந்த ரிவ்யூக்கள். மொத்தம் 41. அதில் எனக்குத் தெரிந்த கட்சிக்காரர்கள் ஆறு பேர். மற்றதெல்லாம் புனைந்தவை. "இரண்டே மாதத்தில் சொத்து கேஸை ஜெயித்துக் கொடுத்தார்" என்கிறது ஒன்று. நான் சொத்து வழக்கே எடுப்பதில்லை. வெப்சைட்டின் உள்பக்கம் ஒன்றில் "நூறு சதவீத வெற்றி" என்று என் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். இதைப் பார்த்த சக வக்கீல் ஒருவர் புகார் கொடுத்து, வக்கீல்கள் அமைப்பிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதியது நான் அல்ல என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் பெயரில் வந்தால் பொறுப்பும் என்னுடையதே.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1977-இல் பேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வக்கீல்களின் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது. பொய்யான விளம்பரத்துக்கு அங்கேயும் இடமில்லை. இந்தியாவில் பார் கவுன்சிலின் விதி 36 விளம்பரத்தையே தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற சில விவரங்களை மட்டும் வெப்சைட்டில் போடலாம். எனக்கு விற்பனை செய்தவர்கள் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. உணவகத்துக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் செய்வதையே எனக்கும் செய்தார்கள்.

சரி, விலகிவிடலாம் என்றால் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பணம் கட்டியது நான் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. கேட்டதற்கு இன்னொரு வருடக் கட்டணம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். கூகுள் பக்கத்தின் உரிமையை மட்டும் அலுவலகத்தை வீடியோ எடுத்துக் காட்டி மீட்டேன். பொய் ரிவ்யூக்களை நானே ஒவ்வொன்றாகப் புகார் செய்து வருகிறேன், பாதி போயிருக்கிறது.

யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில், நீங்களே பதிவு செய்யுங்கள். கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் நீங்களாகவும் அவர்கள் மேனேஜராகவும் இருக்கட்டும். வெப்சைட் முடிந்ததும் வேறொரு மெயிலிலிருந்து படிவத்தை நீங்களே நிரப்பி, அது யாருக்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். நான் அதை மட்டும் செய்திருந்தாலே முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போது வேறு டொமைனில் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன். படிவத்தில் மூன்றே கேள்வி: பெயர், போன் எண், எதிர்த்தரப்பின் பெயர். எதிர்த்தரப்பு ஏற்கெனவே என்னிடம் வந்தவரா என்று பார்த்த பிறகுதான் விவரம் கேட்பேன். எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு என்றும் கேட்கச் சொல்லி அந்தப் பெண்மணிதான் யோசனை சொன்னார். நான்காவதாக அதையும் சேர்த்துவிட்டேன். அவர் என்னிடம் வரவில்லை, நியாயம்தான். இலவச சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கொடுத்தேன், அங்கே போயிருக்கிறார்.

பழைய வெப்சைட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் படத்தை எடுத்துவிட்டார்கள், படிவத்தை எடுக்கவில்லை. ஒரு வக்கீலின் பக்கத்தில் அலுவலக முகவரியும் பதிவு எண்ணும் இல்லாமல், "விரிவாக எழுதுங்கள்" என்ற பெட்டி மட்டும் பெரிதாக இருந்தால், அதில் எதையும் எழுதாதீர்கள். முதலில் அந்த வக்கீலின் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, அந்தப் பெட்டி அவருடையதுதானா என்று கேளுங்கள்.