டுரியான் தோட்டத்துக்கு மண் அரிப்பு வரைபடம் எடுத்த அனுபவம்

பினாங்கு பாலிக் பூலாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது, எல்லாமே சரிவு நிலம், நடுவில் ஓர் ஓடை. 2017 நவம்பர் பெருமழையில் மேல்பக்கம் ஒரு துண்டு சறுக்கி வந்து ஓடையை அடைத்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள், மறு ஆண்டு புக்கிட் குக்குஸில் 9 பேர். அப்பாவுக்கு அந்தப் பயம் போகவே இல்லை. அதனால்தான் போன வருடம் ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தைக் கூப்பிட்டு, சரிவு அபாய வரைபடம், மண் அரிப்பு வரைபடம் என்று இரண்டு எடுத்தோம்.

சரிவு அபாய வரைபடம் அருமை. சாதாரண கேமரா டிரோன் வேண்டாம், மரத்தின் தலைதான் படத்தில் விழும் என்று அவர்களே சொல்லி லேசரால் நிலத்தை அளக்கும் லைடார் டிரோன் கொண்டுவந்தார்கள். அதன் லேசர் இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புகிறது. மரங்களை நீக்கி வெறும் நிலத்தைத் திரையில் காட்டியபோது, 2017-இல் சரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காடு மூடிப்போன இன்னொரு பழைய சரிவு பிறை மாதிரி தெரிந்தது. முப்பது வருடம் அங்கே நடந்த அப்பாவுக்கே அது தெரியாது. கொடுத்த பணம் இதற்கே தகும்.

அரிப்பு வரைபடம்தான் ஏமாற்றம். மழை, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தாவர மூட்டம், தடுப்பு வேலை எல்லாவற்றையும் பெருக்கி, ஹெக்டேருக்கு வருடத்தில் எத்தனை டன் மண் போகும் என்று சொல்கிற ஆர்.யு.எஸ்.எல்.இ. கணக்கு அது. எங்கள் தோட்டம் முழுக்கப் பச்சை, அதாவது ஆபத்தில்லையாம். அப்படியென்றால் மழை பெய்தால் ஓடை ஏன் தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறத்தில் ஓடுகிறது? கேட்டுப் பார்த்ததில், தாவர மூட்டத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். மேலே இலை, சரி, கீழே நாங்கள் களைக்கொல்லி அடித்த வெறும் மண்ணாயிற்றே! உயரமான மரத்தின் இலையில் திரண்டு விழும் துளி மழைத்துளியை விடப் பெரியது, விழும்போது வேகம் பிடித்து மண்ணைப் பெயர்த்துவிடும்.

"நடந்து பார்த்திருக்கணும் அண்ணே" என்று ஒத்துக்கொண்டு அந்த நிறுவனத்துத் தம்பி மறுபடி வந்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. திருத்திய வரைபடத்தில் கொட்டகைக்குப் பின்னால் ஓடைவரை ஒரே சிவப்பு. இப்போது அங்கே மருந்து அடிப்பதில்லை, புல்லை வெட்டி அப்படியே விடுகிறோம்.

இன்னொரு குறை, அறிக்கையில் டன் கணக்கைத் தசமப் புள்ளியோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு அமெரிக்க விவசாய நிலத்தில், 9 சதவீதச் சரிவை அளவுகோலாக வைத்து உருவானது. நம் மலைக்கு அதை வைத்து எந்த இடம் மோசம் என்று ஒப்பிடலாம், டன் எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. மழைநீர் அறுத்துப் போடும் பெரிய பள்ளமும் நிலச்சரிவும் அந்தக் கணக்குக்குள் வரவே வராது. இதை அறிக்கையில் எங்கேயும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

எடுக்க நினைப்பவர்கள் இரண்டு வரைபடமும் சேர்த்தே கேளுங்கள், அப்புறம் தோட்டத்துக்குள் நடந்து பார்ப்பதையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.