தொம்பையை உடுத்துவது: கலம்காரிப் புடவையா, கண்டாங்கியா, பாவாடை தாவணியா?

அக்கா மகள் கும்பகோணத்தில் படிக்கிறாள். ஆகஸ்ட் 7 கைத்தறி நாளுக்குக் கல்லூரியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வெறுமனே கைத்தறி கட்டி வந்தால் போதாது, ஏதாவது ஒரு துணிக்கலைப் படைப்பை எடுத்துக்கொண்டு அதையொட்டி உடுத்தி வர வேண்டும். பாதிப் பேர் காஞ்சிப் பட்டு என்று பெயர் கொடுத்துவிட்டார்களாம். இவள் எனக்குப் போன் போட்டு, "சித்தி, தேர்ல உருளை உருளையா துணி தொங்குமே, அதுக்குப் பேர் என்ன?" என்றாள்.

தொம்பை என்றேன். அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை.

தொம்பையில் இரண்டு வகை உண்டு. தேரில் இப்போது பெரும்பாலும் தொங்குவது வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தது. இன்னொன்று எழுதியது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களில் கோயிலுக்கென்று துணியில் கையால் சித்திரம் எழுதும் குடும்பங்கள் உண்டு. தொம்பை, மேலே விரித்துக் கட்டும் விதானம், குடை, வாசலுக்கான தோரணம் எல்லாம் எழுதுவார்கள். பேனாவால் எழுதும் இந்தக் கலைக்குத்தான் கலம்காரி என்று பெயர். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவளுக்கு எழுதின தொம்பைதான் வேண்டுமாம். சரி, அதை எப்படி உடம்புக்குக் கொண்டுவருவது?

கடைக்குப் போய் "கலம்காரி" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் நாற்பது புடவை விரிப்பார்கள். அதற்கு முன்னால் அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். தொம்பையைப் படம் பிடித்துவா, அதிலிருக்கிற உருவங்களை மறந்துவிட்டு மிச்சம் என்ன என்று எழுது. அவள் எழுதியது நன்றாகவே இருந்தது. அரக்குச் சிவப்பு நிலம். எல்லா உருவத்தையும் சுற்றி ஒரு கருப்புக் கோடு. உருளையைச் சுற்றிக் கிடைமட்டமாகப் பட்டைகள், ஒன்றில் கொடி, ஒன்றில் அன்னம். கடைசியில் குஞ்சம். இந்த நான்கையும் வைத்துத்தான் ஒவ்வொரு துணியையும் எடை போட்டோம்.

முதலில் பார்த்தது கடைக்காரர்கள் "பென் கலம்காரி" என்று சொல்லும் காளஹஸ்திப் புடவை. ஆசைப்பட்டால் இதற்குத்தான் ஆசைப்பட வேண்டும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சீவிய மூங்கில் குச்சியில் துணி சுற்றி, அதை மையில் தோய்த்து, அழுத்தி அழுத்திக் கோடு இழுக்கிறார்கள். அந்த மை துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீர். கடுக்காயின் துவர்ப்பு ஏறிய துணியில் பட்டதும் கருக்கும். சிவப்பு இன்னும் வேடிக்கை. எழுதும்போது அது சிவப்பே இல்லை. படிகாரம் தடவிய இடம் வெளிறித்தான் கிடக்கும், வேர்ச்சாயத்தில் கொதிக்கவைத்த பிறகுதான் அந்த இடம் மட்டும் சிவந்து எழும். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் இதற்குச் சாயவேர்தான். இடையிடையே ஆற்றில் அலசல், வெயிலில் காய்ச்சல். ஒரு புடவை முடிய வாரங்கள் ஆகும், விலையும் அதற்குத் தக்கபடிதான்.

ஆனால் உடுத்திப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. காளஹஸ்திக்காரர்கள் கதை சொல்பவர்கள். சுவரில் விரிப்பதற்கும் கோயிலில் தொங்கவிடுவதற்கும் எழுதிய இராமாயணம் அது. அதைப் புடவையாக்கினால் பட்டாபிஷேகம் கொசுவத்துக்குள் போய்விடும், வெளியே தெரிவது அனுமார் வால் மட்டும். உட்காரும் இடத்தில் யார் வருகிறார் என்பதைக் கட்டி முடித்த பிறகுதான் கண்டுபிடிக்க முடியும். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது, ஆனாலும் சீதையின் மேல் உட்கார மனசு வரவில்லை. (கல்யாண வீடுகளில் ரவிக்கை முதுகில் கண்மூடிய புத்தர் வருகிறாரே, அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.) முந்தியில் மட்டும் எழுதி, உடலை வெறுமனே விட்ட புடவை கிடைத்தால் இந்தக் குறை தீரும். காசு இருப்பவர்கள் அதைத் தேடலாம். மாணவிக்கு அது எட்டாது.

இரண்டாவது, மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் தேக்கு அச்சால் குத்துவது. பேனா கிடையாது என்பதால் இதைக் கலம்காரியே இல்லை என்று சொல்லும் தூய்மைவாதிகளும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. கடுக்காய், படிகாரம், இரும்புக் கருப்பு எல்லாம் இங்கேயும் இருக்கின்றன. சாமி உருவங்கள் குறைவு, பூவும் கொடியும்தான் அதிகம், பாரசீகச் சாயல் தெரியும். அச்சோடு அச்சு சேரும் இடத்தில் மயிரிழை விலகியிருக்கும். கையால் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: புடவையாக மட்டுமல்லாமல் மீட்டர் துணியாகவும், கரைவேலைப் பட்டைகளாகவும் கிடைக்கிறது, மீட்டர் சில நூறு ரூபாய்தான். புடவையாகக் கட்டினால் மட்டும் உடல் முழுக்க ஒரே பூ. தொம்பையில் கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றுச் சிவப்பு இதில் இல்லை. பத்தடி தள்ளி நின்றால் ஜன்னல் திரை மாதிரித் தெரிந்தது என்று அவளே சொன்னாள்.

மூன்றாவது, டிஜிட்டல் பிரிண்ட். "கலம்காரி செமி சில்க்" என்று அட்டை ஒட்டியிருக்கும். திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளுத்துக் கிடக்கும். சாயம் நூலுக்குள் இறங்கியதில் அப்படி இருக்காது. மழையில் நனையலாம், வாஷிங் மெஷினில் போடலாம், அவ்வளவுதான். கைத்தறி நாளுக்கு இதைக் கட்டிப் போவது என்ன நியாயம்?

நியாயமாக இந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியது கோடாலிக் கருப்பூர்ப் புடவை. அதே கருப்பூர்தான். தஞ்சை மராட்டிய அரசர்கள் காலத்தில் நெசவாளர் ஜரிகையில் சின்னச் சின்ன உருக்களை நெய்து கொடுப்பார், எழுதுபவர் அவற்றைச் சுற்றி மெழுகும் மையும் வைத்துச் சிவப்பில் தோய்ப்பார். தங்கம் சிவப்புக்குள்ளிருந்து லேசாக மினுங்கும். 1855இல் வாரிசில்லாமல் அந்த அரசு முடிந்தது, வாங்குவதற்கு ஆளில்லாமல் அந்த வேலையும் தேய்ந்தது. பழைய துண்டுகளை அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம். ஆகவே அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. ஒரு யோசனையை மட்டும் கடன் வாங்கினோம்: ஜரிகை வேண்டுமானால் சிவப்புக்குள் ஒளிந்திருக்கட்டும், பளிச்சென்று கரையில் ஓட வேண்டாம்.

எதிர்பாராமல் ஏறி வந்தது காரைக்குடிக் கண்டாங்கி. இதில் சித்திரமே கிடையாது. கோடும் கட்டமும் அகலக் கரையும்தான். கலம்காரிக்கும் இதற்கும் தொழில்வழியாக எந்த உறவும் இல்லை. ஆனால் அரக்குச் சிவப்பு உடலும் கருப்பும் கடுகு மஞ்சளுமாகக் கரையும் அமைந்த ஒரு கண்டாங்கியைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேருக்குமே தொம்பைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பட்டையின் கனமும் வெற்றுச் சிவப்பும் தங்கள் அளவில் சரியாக நின்றன. உருவத்தை அப்படியே நகல் எடுத்த புடவைகள் தராததை உருவமே இல்லாத புடவை தந்தது. இதை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன், கருப்பு ரவிக்கையோடு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஒரே குறை, யாரும் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பரிசுக்குப் போகும் பெண்ணுக்கு அது குறைதான். நடுவர் ஒரு பார்வையில் கண்டுகொள்ள வேண்டுமே.

அவளுக்கு என்ன என்று யோசித்தபோது படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். தொம்பை என்பது என்ன? மேலே வளையம், அதிலிருந்து வட்டமாகத் தொங்கும் துணி, குறுக்கே பட்டைகள், கீழே குஞ்சம். வளையத்துக்குப் பதில் இடுப்பு என்று வைத்துக்கொண்டால் அது பாவாடை!

"பாவாடை தாவணியா? யாரு சித்தி இப்ப கட்டுறா?"

"நீதான்டி கட்டப்போறே."

புடவைகளிடம் தோற்ற இடத்திலெல்லாம் பாவாடை ஜெயிக்கிறது. புடவையில் உருவத்தைக் கொசுவம் விழுங்கிவிடுகிறது. பாவாடையின் சுருக்கம் மேலிருந்து கீழாக ஓடும், பட்டை குறுக்காக ஓடும், எத்தனை மடிப்பு விழுந்தாலும் பட்டை பட்டையாகவே தெரியும். தொம்பையும் காற்றில் அப்படித்தான் மடிந்து விரிகிறது. நடந்தால் ஆடும், புடவை அப்படி ஆடாது. செலவும் குறைவு: அரக்குச் சிவப்பில் வெற்றுக் கைத்தறிப் பருத்தி நான்கு மீட்டர், பெடனாக் கரைப்பட்டை இரண்டு தினுசு, கொஞ்சம் கருப்புத் துணி. மேலே பாதிக்குமேல் வெற்றுச் சிவப்பு. அதன்கீழ் கொடிப்பட்டை, அன்னப்பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் மேலும் கீழும் அரை அங்குலக் கருப்பு நாடா. அந்த நாடாவை விட்டுவிடாதீர்கள். சித்திரத்தில் கருப்புக் கோடு செய்கிற வேலையைத் துணியில் அதுதான் செய்கிறது. அது இல்லாமல் ஊசியால் குத்தி வைத்துப் பார்த்தோம், பட்டைகள் சிவப்புக்குள் கரைந்துபோயின.

தாவணியில் ஒரு தடவை தப்புச் செய்தோம். விதானத்தின் நடுவே பெரிய தாமரை இருக்குமே, அதைத் தாவணியில் கொண்டுவரலாம் என்று அச்சுத் தாமரை போட்ட துணி ஒன்றை வாங்கினோம். விதானம் சதுரம், அண்ணாந்து பார்ப்பதற்கானது. தோளில் போட்டதும் தாமரை அக்குளுக்குக் கீழே போய்விட்டது. கடைசியில் கடுகு மஞ்சளில் வெறும் தாவணி, ஓரத்தில் கருப்பு நாடா, அதோடு சரி.

நகைக்குக் கோயில் நகைதான் என்று அக்கா கெம்புச் செட்டை எடுத்துவைத்தாள். சிவப்பின் மேல் சிவப்புக் கல் காணாமல் போகிறது, அதை எனக்கே கொடுங்கள் என்று கருப்பு ரவிக்கையோடு நான் போட்டுக்கொண்டேன். இவளுக்குப் பித்தளை ஜிமிக்கி, கருப்பு மணி, கண்ணில் நன்றாக மை. குஞ்சத்தைப் பாவாடையின் ஓரத்தில் தைத்தால் தரையில் இழுபடும் என்பதால் அது சடைக்குப் போனது, மூன்று கருப்புக் குஞ்சம். அப்பாக்கள் அண்ணன்கள் யாராவது கேட்டால்: வெள்ளை வேட்டி, தோளில் எழுதின துண்டு. கலம்காரிச் சட்டை வேண்டாம்.

தைக்கக் கொடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பெடனாத் துணி ஒரு கணக்கில் சுருங்கும், வெற்றுக் கைத்தறி வேறு கணக்கில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே பட்டை சுருட்டிக்கொள்ளும். மூன்றையும் தனித்தனி வாளியில் ஒரு ராத்திரி போட்டுவைத்து, நிழலில் உலர்த்தித்தான் கொடுத்தோம். சோப்பு வேண்டாம், பிறகு துவைக்கவும் பூந்திக்கொட்டை போதும். பெடனாப் பட்டை ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. அதில் கடுக்காய் வாடை அடிக்கிறது, கோயில் திரைச்சீலையில் அடிக்குமே அதே வாடை என்று வாளிக்கு மேல் குனிந்தபடி எனக்கு வீடியோ கால் போட்டாள்.